பாட்டியின் பதினொரு போர்வைகள்

டிசம்பரில் மூன்றரை மணிக்கே வெளிச்சம் மங்கிவிடும். அந்த நேரம் பார்த்து, சலவை அறை ஜன்னலுக்கு எதிரே இருக்கும் கம்பிவலைக்குப் பின்னால் பாட்டி வந்து உட்கார்வாள். கூப்பாடு கிடையாது. வலைமேல் ஒரு விரல்முட்டியை மட்டும் வைத்துக்கொண்டு, நடைபாதைக்கு இந்தப் பக்கம் இருக்கும் துணி உலர்த்தும் இயந்திரத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அதன் வட்டக் கண்ணாடிக்குள் போர்வைகள் சுழன்றுகொண்டிருக்கும். இயந்திரம் நின்றதும் அடித்தொண்டையிலிருந்து குட்டிக் குட்டியாக முனகுவாள். பிடித்த சாப்பாட்டைக் கண்டால் சிம்பன்சிகள் எழுப்பும் சத்தம் அது. சூடான போர்வைக்கும் அப்படி முனகுகிறவள் எங்கள் சிம்பன்சிக் காப்பகத்தில் இவள் ஒருத்திதான்.

வாரத்தில் இரண்டு நாள் அங்கே தன்னார்வலராகப் போகிறேன். இது நான்காவது குளிர்காலம். என் வேலை பெரும்பாலும் சலவை. கோடையில் ஒரு நாளைக்கு இரண்டு ஈடு துவைத்தால் போதும். நவம்பர் பிறந்துவிட்டால் ஏழு, எட்டு ஆகிவிடும். ஒன்பது சிம்பன்சிகளும் நாளின் பெரும்பகுதி உள்ளேயே இருப்பார்கள். போர்வையை இழுப்பார்கள், நனைப்பார்கள், அதன்மேல் சாப்பிடுவார்கள், அதிலேயே தூங்குவார்கள். 'அவர்கள்' என்றுதான் எழுத வருகிறது. நான்கு வருடம் ஒருவரின் படுக்கைத் துணியைத் துவைத்த பிறகு 'அது' என்று எழுதக் கை போகவில்லை. பாட்டிக்குக் காப்பகத்தில் வேறு பெயர் உண்டு. எனக்கு அவள் பாட்டி. இன்னொருவனைச் சின்னவன் என்று மனதுக்குள் அழைக்கிறேன். அவனைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஆப்பிரிக்கக் காட்டில் இருக்க வேண்டியவர்கள் பனி கொட்டும் ஊரில் என்ன செய்கிறார்கள் என்று கேட்காத நண்பர்கள் இல்லை. சுருக்கமாகச் சொல்கிறேன். கல்லீரல் அழற்சித் தடுப்பூசிக்காகவும், பிறகு எச்.ஐ.வி. ஆய்வுக்காகவும் சிம்பன்சிகளைப் பல ஆண்டுகள் ஆய்வுக்கூடங்களில் அடைத்து வைத்திருந்தார்கள். முதலில் வந்தவர்களைக் குட்டிகளாகக் காட்டிலிருந்து பிடித்தார்கள். தாய் குட்டியை விடமாட்டாள் என்பதால் தாயைச் சுட்டுவிட்டுத்தான் குட்டியை எடுப்பார்கள். மற்றவர்கள் கூண்டிலேயே பிறந்தவர்கள். அமெரிக்க விதிப்படி வளர்ந்த ஒரு சிம்பன்சிக்குக் கொடுக்க வேண்டிய குறைந்தபட்ச இடம் சுமார் 25 சதுர அடித் தரையும் 7 அடி உயரமும். ஐந்தடிக்கு ஐந்தடி. என் சலவை அறையில் இரண்டு இயந்திரங்களும் ஒரு மேஜையும் பிடிக்கும் இடம் அதைவிடப் பெரியது.

அந்த ஆய்வுக்கூடங்களில் சில குளிர்நாடுகளில் இருந்தன. அங்கிருந்து வெளியே வந்தவர்களுக்கு மனமும் நிலமும் இருந்த ஆட்கள் தங்கள் பக்கத்திலேயே வீடு கட்டிக்கொடுத்தார்கள். கனடாவில் கியூபெக் மாநிலத்தில் இருக்கும் ஃபானா அறக்கட்டளைக்கு 1997இல் நியூயார்க் ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து 15 சிம்பன்சிகள் போனார்கள். 2008இல் வாஷிங்டன் மாநிலத்து மலைப்பகுதியான கிளி எலமுக்கு ஏழு பேர் வந்தார்கள். ஆஸ்திரியாவின் கேன்சர்ன்டார்ஃபில் இருந்தவர்கள் 2011இல்தான், பல பத்தாண்டுகளுக்குப் பிறகு, புல்தரையில் கால் வைத்தார்கள். அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனம் சிம்பன்சிகளை வைத்து ஆய்வு செய்வதை முற்றிலும் கைவிடுவதாக அறிவித்தது 2015இல். நேற்று நடந்ததுபோல்தான் இருக்கிறது.

திரும்பக் காட்டில் விடலாமே என்றால், முடியாது. இரை தேடத் தெரியாது, பகைக்கூட்டத்தைச் சமாளிக்கத் தெரியாது. பலர் உடம்பில் மனிதர்கள் ஏற்றிய வைரஸ் இருக்கிறது. அதைக் காட்டுச் சிம்பன்சிகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது. ஆக, இவர்களுக்குக் குளிர்காலம் உண்டு. அதை எப்படிக் கடத்துவது என்பது எங்கள் பொறுப்பு.

சிம்பன்சிக்குக் கறுகறுவென்று முடி இருப்பதால் குளிர் தாங்கும் என்று நானும் முதலில் நினைத்திருந்தேன். பக்கத்தில் பார்த்தால் தெரியும். முடி முரடாக, இடைவெளி விட்டு இருக்கும். அடியில் பஞ்சுபோன்ற மென்மயிர் கிடையாது. பனியில் வாழும் ஜப்பான் குரங்குக்குக் குளிர்காலத்துக்கென்றே அடர்த்தியாக ரோமம் வளரும். சிம்பன்சிக்கு அந்த ஏற்பாடு இல்லை. முகம், காது, உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் வெறும் தோல். காது வேறு அகலமாக, மெல்லியதாக விரிந்திருக்கும். உறைபனி முதலில் கடிப்பது அங்கேதான். போதாக்குறைக்கு, ஆய்வுக்கூடத்தில் இருந்தவர்களில் பலருக்குத் தன் முடியைத் தானே பிடுங்கும் பழக்கம் வந்துவிட்டிருக்கிறது. பாட்டியின் இரண்டு முன்கைகளும் மொட்டையாக இருக்கின்றன. இங்கே வந்து இத்தனை வருடமாகியும் அங்கே முடி முழுதாக வளரவில்லை.

அதனால் உள்ளே தரைக்கு அடியில் சூடு ஓடுகிறது. மின்சாரம் போனால் ஜெனரேட்டர். அமெரிக்க விதிகள் குரங்கினங்கள் இருக்கும் உள்ளறையில் 7.2 டிகிரி செல்சியஸுக்குக் கீழே தொடர்ந்து நான்கு மணி நேரத்துக்கு மேல் வெப்பம் இறங்கக் கூடாது என்கின்றன. 7 டிகிரி போதும் என்று எழுதியவர் மொட்டைக் கையோடு ஓர் இரவு அந்தச் சிமெண்டுத் தரையில் படுத்துப் பார்த்திருக்க வேண்டும். எங்கள் பராமரிப்பாளர்கள் அறையை 20 டிகிரிக்குக் குறைய விடமாட்டார்கள்.

வெளிக்கதவுதான் குளிர்காலத்தின் தலைவலி. சறுக்குக் கதவு, கீழே தண்டவாளம்போல் ஒரு பள்ளம். இரவில் அதற்குள் தண்ணீர் இறங்கி உறைந்துவிடும். வெந்நீர் ஊற்றினால் அந்த நிமிடம் இளகும், அரை மணியில் இன்னும் கெட்டியாக உறையும். அதனால் முழங்காலிட்டு உட்கார்ந்து உளியால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். கதவு பாதியில் நின்றுவிட்டால் விபரீதம். இந்தப் பக்கம் ஆள், அந்தப் பக்கம் சிம்பன்சி என்ற நிலை வரவே கூடாது. பூட்டுகளும் உறையும். ஒருவர் பூட்டியதை இன்னொருவர் இழுத்துப் பார்த்து, வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் அடுத்த கதவுக்கே கை போகும்.

அப்புறம் மின்வேலி. பனியில் அது எப்படி ஏமாற்றும் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது. தொட்டவர் உடம்பு வழியாக மின்சாரம் தரைக்குப் போனால்தான் சுரீரென்று இருக்கும். காய்ந்த பனியும் உறைந்த மண்ணும் மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. ஈரப் பனி கம்பிமேல் படிந்தாலோ மின்சாரம் அதன் வழியே ஒழுகி வேலியே வலுவிழந்துவிடும். காற்று பனியை ஒரு மூலையில் குவித்துவிட்டால் வேலியின் உயரம் பாதியாகும். ஆகவே பனி பெய்த மறுநாள் யாரையும் வெளியே விடுவதற்கு முன்னால் வேலி நெடுகப் பனியை வாரித் தள்ள வேண்டும், மின்அழுத்தத்தை அளந்து பார்க்க வேண்டும். இரண்டு மணி நேரம் ஆறு பேர் வாரிய பிறகு கதவு திறக்கும். சில நாள் ஒன்பது பேரும் வாசல்வரை வந்து, எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார்கள். அப்படிப் போகும்போது எனக்குச் சலிப்பே வருவதில்லை. வெளியே போவதா வேண்டாமா என்று அவர்களே முடிவு செய்ய ஒரு கதவு இருக்கிறது. அதற்காக வாரலாம்.

போகிறவர்களும் உண்டு. சிம்பன்சி கைவிரல் முட்டிகளை ஊன்றி நடப்பவர். பனியில் முட்டி வைத்ததும் வெடுக்கென்று தூக்கிக்கொள்வார். பிறகு எழுந்து இரண்டு காலில் நடப்பார். எங்கள் கூட்டத்துப் பெரியவர் அப்படித்தான் போவார். இரண்டு கைகளையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, உள்ளங்காலின் வெளி விளிம்பை மட்டும் பதித்து, ஏறும் மரச்சட்டம்வரை விறுவிறுவென்று போய் உச்சியில் தொற்றிக்கொள்வார். அங்கே உட்கார்ந்து ஒவ்வொரு பாதமாக எடுத்து உதட்டால் ஊதிப் பனியைத் தட்டுவார். திரும்பும்போது மறக்காமல் ஒரு கைப்பிடிப் பனியைக் கொண்டுவருவார். தூளியில் படுத்துக்கொண்டு கீழுதட்டைக் கிண்ணம்போல் நீட்டி, அதில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்து உருக்கிக் குடிப்பார். அந்தத் தூளி பழைய தீயணைப்புக் குழாய்களைப் பட்டைபட்டையாகப் பின்னிக் கட்டியது. இவர்கள் பலத்துக்கு வேறெதுவும் தாங்காது.

பாட்டி பனிக்குப் போகமாட்டாள். மூட்டுவலி. அவளுக்காகத் தொட்டி நிறையப் பனியை உள்ளே கொண்டுபோய் வைப்போம். மேலாகத் தடவி, விரலை மோந்து பார்த்து, ஒரு துளை தோண்டி, அதற்குள் மறைத்து வைத்திருக்கும் திராட்சைகளை எடுத்துக்கொண்டு பனியை அப்படியே விட்டுவிடுவாள்.

ஜனவரியில் எனக்கு ஒரு வாரம் மூக்கு ஒழுகியது. காய்ச்சல்கூட இல்லை. அதற்கே 15 நாள் வரக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். வருத்தமாக இருந்தாலும் அவர்கள் செய்ததுதான் சரி. நம் சளி அவர்களுக்கு ஒட்டும், நமக்கு ஒரு தும்மலோடு போவது அவர்களைக் கொல்லும். உகாண்டாவின் கிபாலே காட்டில் 2013இல் மனிதர்களுக்குச் சாதாரணச் சளியைத் தரும் ரைனோவைரஸ் வகை ஒன்று, 56 பேர் இருந்த சிம்பன்சிக் கூட்டம் ஒன்றில் ஐந்து பேரைக் கொன்றது. காட்டிலேயே அப்படி என்றால், ஜன்னல் சாத்திய அறைக்குள் கேட்கவே வேண்டாம். குளிர்காலம் முழுக்க முகக்கவசமும் கையுறையும் போட்டுத்தான் உள்ளே நடமாடுகிறோம். என்னைப் பாதி முகத்தில்தான் அவர்களுக்குத் தெரியும். அந்த 15 நாளுக்குப் பிறகு திரும்பிப் போனபோது பாட்டி என் கண்களைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு தலையை மேலும் கீழும் ஆட்டினாள். சிம்பன்சிகள் தெரிந்தவர்களுக்கு அப்படி ஆட்டுவது உண்டு. நானும் ஆட்டினேன்.

நான்கைந்து நாள் தொடர்ந்து அடைபட்டால் அறைக்குள் மனக்கசப்பு ஏறும். ஒரு வாய்ச்சண்டை, ஒரு துரத்தல், சில சமயம் விரலில் கடி. அதற்காகத்தான் வைக்கோலில் பருப்பைத் தூவுவது, துளை போட்ட குழாய்களில் பழக்கூழ் அடைத்துக் குச்சியால் எடுக்க விடுவது, அட்டைப்பெட்டிகள், பழைய பத்திரிகைகள் எல்லாம். சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் 1960இல் தான்சானியாவின் கோம்பே காட்டில் பார்த்தாரே, புற்றுக்குள் குச்சி விட்டுக் கறையான் எடுத்துத் தின்றதை, அந்தத் திறமையை இங்கே குழாய்க்குள் காட்டுகிறார்கள். ஜன்னல் கண்ணாடி வெயிலில் தோலுக்கு வேண்டிய கதிரைத் தடுத்துவிடும் என்பதால் வைட்டமின் டி சொட்டு மருந்தும் உண்டு. அதைக் கூழில் கலந்து கொடுப்பது தனிப் பாடு. பெரியவருக்கு வாசனை தெரிந்துவிடும்.

சரி, போர்வைக்கு வருகிறேன்.

காட்டில் ஒவ்வொரு சிம்பன்சியும் அந்தி சாயும்போது மரத்தில் ஏறிப் புதிதாக ஒரு கூடு கட்டும். பருத்த கிளைகளைத் தன்னை நோக்கி வளைத்து, காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு, சிறு கிளைகளை மேலே மடக்கிச் செருகி, இலைகளை மெத்தையாக்கும். சில நிமிட வேலைதான். மறுநாள் வேறு மரம், வேறு கூடு. குட்டி ஐந்து வயதுவரை தாயின் கூட்டிலேயே தூங்கும், பார்த்துப் பார்த்துக் கற்கும். தான்சானியாவின் இசா பள்ளத்தாக்கில் இப்படிப்பட்ட 41 கூடுகளைச் சோதித்தவர்கள் 2018இல் ஒன்றைக் கண்டார்கள். மனிதர் படுக்கையில் இருக்கும் பாக்டீரியாக்களில் சுமார் 35 சதவீதம் நம் உடம்பிலிருந்து வந்தவை. சிம்பன்சிக் கூட்டில் அது வெறும் 3.5 சதவீதம். தினமும் படுக்கையை மாற்றுகிறவர்களுக்கு இங்கே தினமும் துவைத்த போர்வை கொடுப்பது அதிகப்படி இல்லை என்று அதைப் படித்ததும் தோன்றியது.

பாட்டி காட்டில் பிறந்தவள். 1970களின் தொடக்கத்தில் பிடிக்கப்பட்டபோது இரண்டு வயது இருக்கலாம் என்று அவள் கோப்பில் எழுதியிருக்கிறார்கள். அம்மாவின் கூட்டில் இரண்டு வருடம் தூங்கியவள். அதன் பிறகு கம்பித்தரை. 30 வருடத்துக்கு மேல். பெற்ற குட்டிகளையும் அவளிடம் விட்டுவைக்கவில்லை. இங்கே வந்த முதல் நாள், போர்வைக் குவியலைக் கண்டதும் நடுவில் போய் உட்கார்ந்து கட்டத் தொடங்கினாளாம். அன்று பார்த்த பராமரிப்பாளர் இன்றும் அதைச் சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

இப்போது அவள் கட்டும் விதத்தை எனக்கு மனப்பாடமாகத் தெரியும். தடிமனான போர்வைகளைத்தான் முதலில் பொறுக்குவாள். குவியலின் நடுவே உட்கார்ந்து, ஒன்றை இடப்பக்கம் வளைத்து, இடது பாதத்தால் மிதித்துக்கொள்வாள். அடுத்தது முதுகுக்குப் பின்னால். கையைப் பின்னே கொண்டுபோய், பார்க்காமலே, மணிக்கட்டின் பின்புறத்தால் நாலு தட்டு. உட்கார்ந்த இடத்திலேயே கால்வட்டம் சுழன்று அடுத்தது. விளிம்பு உயர்ந்து வட்டமாகும். பிதுங்கும் ஓரத்தையெல்லாம் உள்ளே மடித்துச் செருகுவாள். இடைவெளியில் வைக்கோல். படுத்துப் பார்ப்பாள். சரியில்லை. எழுந்து ஒரே ஒரு போர்வையை உருவி இடம் மாற்றுவாள். மறுபடி படுப்பாள். மொத்தம் பதினொன்று, ஒன்று கூடக் குறையப் பார்த்ததில்லை. கடைசியாக, உலர்த்தியிலிருந்து சூடாக வந்த மெல்லிய போர்வை. வலையின் அடியில் இருக்கும் திறப்பு வழியாக நான் நீட்டுவேன். வாங்கி, முகத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, அப்படியே தலையோடு போர்த்திக்கொள்வாள். ஒரு மூக்கு மட்டும் வெளியே தெரியும்.

சின்னவன் ஆய்வுக்கூடத்தில் பிறந்தவன். பிறந்த சில நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து, குட்டிகளுக்கான அறையில் புட்டிப்பாலில் வளர்த்தார்கள். முப்பதைத் தாண்டிவிட்டான். 60 கிலோ இருப்பான், அவன் கத்தினால் சுவர் அதிரும். ஆனால் கூடு கட்டத் தெரியாது. அவனைப் போன்று தாயிடம் வளராதவர்களில் பலருக்குத் தெரியாது, யாரும் காட்டவில்லை. வெற்றுப் பலகைமேல், சுவரில் முதுகைச் சாய்த்து, கைகளைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்குவான். கூண்டில் தூங்கிய மாதிரியே. போர்வை அவனுக்கு இழுத்து விளையாடும் பொருள், கோபம் வந்தால் வீசும் பொருள். முதல் குளிர்காலத்தில் இரவு நேரக் கேமராவில் அவனைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போனால் எனக்குத் தூக்கம் வராது. இவ்வளவு துவைக்கிறோம், அவன் ஒன்றைக்கூட மேலே போட்டுக்கொள்வதில்லையே என்று இருக்கும்.

கோடையில் அவன் கடைசி வெளிச்சம்வரை வெளியேதான் இருப்பான். அவன் உள்ளே வரும்போது பாட்டி கூட்டுக்குள் தூங்கியிருப்பாள். குளிர்காலம்தான் இருவரையும் மூன்றரை மணிக்கே ஓர் அறையில் உட்காரவைத்தது. அவன் நேர் எதிர்ப் பலகையில் இருந்துகொண்டு அவளைப் பார்ப்பான். இரண்டாவது குளிர்காலத்தில் ஒருநாள் அவள் முடித்துப் படுத்த பிறகு கிட்டே போய், கூட்டின் விளிம்பை ஒரு விரலால் அழுத்திப் பார்த்தான். அவள் போர்வைக்குள்ளிருந்து ஒரு முனகல் முனகினாள், கையை எடுத்துக்கொண்டான். மூன்றாவது குளிர்காலத்தில் ஒரு போர்வையைத் தன் பலகைக்குக் கொண்டுபோனான். அதன்மேல் உட்காரவில்லை, பக்கத்தில் வைத்துக்கொண்டான்.

போன மாதம் ஒரு புதன்கிழமை. வெளியே மைனஸ் 14. காலையில் அழுக்குத் துணிக் கூடையோடு நான் உள்ளறைக் கதவுக்குப் போனேன். எல்லாரும் காலை உணவுக்குப் பக்கத்து அறைக்கு மாறியிருந்தார்கள். பராமரிப்பாளர் பூட்டைத் திறக்காமல் நின்றுகொண்டிருந்தார்.

"சின்னவர் இடத்தைப் பாருங்கள்" என்றார். நான் வைத்த பெயர் இப்போது அவர் வாயிலும் வந்துவிட்டது.

பலகைமேல் நான்கு போர்வைகள். கோணல்மாணலாக. ஒரு பக்கம் விளிம்பே இல்லை, மறுபக்கம் மட்டும் உயரமாகச் சுருட்டி வைத்திருந்தது. நடுவில் ஒரு குழி, ஓர் உடம்பு பக்கவாட்டில் படுத்த அளவுக்கு. குழிக்குள் கொஞ்சம் வைக்கோலையும் கொண்டுவந்து போட்டிருந்தான்.

நாங்கள் இருவரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மற்ற எட்டு இடங்களிலிருந்தும் துணியை வாரினோம். பாட்டியின் பதினொன்றையும் எண்ணி எடுத்தேன். சின்னவனுடைய நான்கையும் எடுக்க வேண்டாம், இன்று அப்படியே இருக்கட்டும் என்றார் அவர். அன்று ஒரு ஈடு குறைவாகத் துவைத்தேன்.